வால்பாறை: பட்டியலில் இல்லாத காட்டைப் பற்றி ஒரு மதிப்புரை

வால்பாறையில் நாங்கள் தங்கிய விடுதியின் வரவேற்பு மேசைமேல் பிளாஸ்டிக் உறையிட்ட ஒரு பட்டியல் இருந்தது. சோலையாறு அணை, நல்லமுடி பூஞ்சோலை, கூழாங்கல் ஆறு, நீராறு அணை, பாலாஜி கோயில் என ஒன்பது இடங்களும், அவற்றை ஒரே நாளில் சுற்றிக் காட்டும் ஜீப்பின் வாடகையும் அதில் அச்சாகியிருந்தன. மனைவி, பத்து வயது மகள், மாமனார் ஆகியோருடன் பிப்ரவரி மாதத்தில் நான்கு நாள்கள் அங்கே தங்கி, அந்த ஒன்பதில் ஏழு இடங்களைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். மழைக்காட்டின் நடுவே இருக்கும் ஓர் ஊரைப் பார்க்க வருபவருக்காகத் தயாரித்த அந்தப் பட்டியலில் மழைக்காடு மட்டும் விடுபட்டிருக்கிறது என்பதே என் முதல் புகார். வால்பாறைக்குப் போக நினைப்பவர்கள் எதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்கலாம் என்று முடிவு செய்ய உதவுமானால் இந்த மதிப்புரை பயன்பட்டதாகக் கொள்வேன்.

பட்டியல் அப்படி இருப்பதற்கு ஊரின் அமைப்பே ஒரு காரணம். ஏறத்தாழ 3,500 அடி உயரத்தில், சுமார் 220 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்திருக்கும் இந்த மேட்டுநிலம், 1890-களில் கார்வர் மார்ஷ் போன்ற ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் வந்து சேரும் வரை பெரும்பாலும் பசுமைமாறாக் காடாகவே இருந்தது. பிறகு காப்பிக்காகவும் தேயிலைக்காகவும் காடு வெட்டப்பட்டது. ஓடைக் கரைகளிலும் செங்குத்துச் சரிவுகளிலும் வெட்டாமல் விடப்பட்ட துண்டுகள் நாற்பதுக்கு மேல் இன்றும் தேயிலைக்கு நடுவே தீவுகளைப் போல நிற்கின்றன. மேட்டுநிலத்தைச் சுற்றி ஒரு பக்கம் ஆனைமலை புலிகள் காப்பகமும், கேரளத்தின் பக்கம் பரம்பிக்குளம், வாழச்சால், இரவிகுளம் ஆகிய காடுகளும் வளைத்திருக்கின்றன. காப்பகக் காட்டுக்குள் நம் விருப்பம்போல நுழைய முடியாது. தோட்டத்துக்குள் இருக்கும் காட்டுத் துண்டுகளோ தனியாருக்குச் சொந்தமானவை. எனவே சுற்றுலாப் பயணி சட்டப்படி நிற்கக்கூடிய இடம் பெரும்பாலும் சாலையோரம்தான். அந்தச் சாலையோரம் எவ்வளவு வளமானது என்பதை விடுதிக்காரர்களும் ஜீப் ஓட்டுநர்களும் அறிந்தே இருக்கிறார்கள். ஆனால் ஓரிடத்தில் ஒரு மணி நேரம் சும்மா நிற்பதற்கு வாடகை கேட்கும் வழக்கம் இன்னும் உருவாகவில்லை போலும்.

ஊருக்கு ஏறும் வழியிலிருந்து தொடங்குகிறேன். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை ஏறத்தாழ 64 கிலோமீட்டர். ஆழியாறு அணையைத் தாண்டியதும் வனத்துறையின் சோதனைச்சாவடியும், அதன் பின் 40 கொண்டை ஊசி வளைவுகளும் வருகின்றன. ஒவ்வொரு வளைவுக்கும் எண் எழுதிய பலகை இருப்பதால் குழந்தைகளுக்கு எண்ணுவதே ஒரு விளையாட்டாகிவிடும். வாந்தி வரும் குழந்தைகளுக்கு இன்னும் எத்தனை பாக்கி என்பதையும் அதே பலகை இரக்கமின்றித் தெரிவிக்கும். 2025 நவம்பர் முதல் சொந்த வாகனத்தில் செல்வோர் இணையவழியில் இ-பாஸ் பெற வேண்டும் என்ற நடைமுறை வந்துள்ளது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதமே வந்த ஏற்பாடு இது. சாவடியில் பிளாஸ்டிக் பைகளைச் சோதிக்கிறார்கள். தண்ணீருக்கு எவர்சில்வர் புட்டியைக் கொண்டுபோனால் தகராறு இல்லை.

நாங்கள் காரில் ஏறி, அரசுப் பேருந்தில் இறங்கினோம். (காரை என் மைத்துனர் ஒரு நாள் முன்னதாகவே எடுத்துச் செல்ல வேண்டியிருந்தது.) இரண்டையும் ஒப்பிட்டால் பேருந்துக்கே என் ஓட்டு. சன்னலோர இருக்கை கிடைத்துவிட்டால் கார் இருக்கையைவிட இரண்டடி உயரத்திலிருந்து பள்ளத்தாக்கையும் மரங்களின் நடுப்பகுதியையும் பார்க்க முடிகிறது; காரை ஓட்ட வேண்டியவரும் உடன் வேடிக்கை பார்க்கலாம் என்பது கூடுதல் லாபம். ஆனால் காரில் வந்தால்தான் ஒன்பதாம் வளைவில் நிற்க முடியும். சாலை அமைத்த பொறியாளரின் பெயரால் லோம்ஸ் வியூ என்று அழைக்கப்படும் அந்த இடத்திலிருந்து ஆழியாறு நீர்த்தேக்கம் ஒரு தாம்பாளத்தில் ஊற்றிய நீர் போலக் கீழே தெரியும். காட்சிக்காக வண்டியை நிறுத்துபவர்கள் எல்லோரும் கீழேயே பார்க்கிறார்கள். மேலே, பாறைச் சரிவில், தமிழகத்தின் மாநில விலங்கான வரையாடு நின்றுகொண்டிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. நாங்கள் பார்த்தபோது ஒரு பெட்டையும் குட்டியும் சாலையின் தடுப்புச் சுவருக்கு மிக அருகிலேயே மேய்ந்துகொண்டிருந்தன. மனிதர்களைக் கண்டு அவை அஞ்சாதது மகிழ்ச்சிக்குரிய செய்திதானா என்று எனக்குத் தெரியவில்லை, ஏனெனில் பக்கத்தில் நின்ற ஒரு குடும்பம் முறுக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

ஏறும்போது மரங்கள் மாறுவதைக் கவனிப்பது இந்தப் பயணத்தின் செலவில்லாத பாடம். அடிவாரத்தில் இலையுதிர்த்து நிற்கும் காய்ந்த காடு. நடுவில் மூங்கிலும் தேக்கும். அட்டகட்டியை நெருங்கும்போது சட்டென்று நிழல் கறுத்து, தண்டில் பாசி படர்ந்த உயர்ந்த மரங்கள் தொடங்குகின்றன. காற்றின் வாசனைகூட மாறிவிடும். அதற்குப் பிறகு காடு முடிந்து தேயிலை வரும்போது, அதுவரை பச்சையாகத் தெரிந்த தேயிலை எனக்கு முதன்முறையாக வெறுமையாகத் தெரிந்தது. கவர்க்கல்லில் மூடுபனி இல்லாத நேரமே அரிது. அங்கே கார்வர் மார்ஷுக்கு ஒரு சிலை உண்டு. பத்து நிமிடம் போதும், பனியில் சிலையே தெரியாவிட்டால் அதுவும் வேண்டாம்.

இந்த ஊரில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், புதுத்தோட்டத்தைத்தான் சொல்வேன். பொள்ளாச்சிச் சாலையில், நகருக்குச் சற்று முன்பாகவே, சாலையின் இரு பக்கமும் ஒரு காட்டுத் துண்டு வருகிறது. பரப்பு 100 ஹெக்டேருக்கும் குறைவு. நுழைவுச்சீட்டு இல்லை, வாகனம் நிறுத்தும் திடல் இல்லை, பெயர்ப்பலகையைவிட எச்சரிக்கைப் பலகைகளே அதிகம். இங்கேதான் சிங்கவால் குரங்குகளை இவ்வளவு எளிதாகப் பார்க்க முடிகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத, காட்டில் மொத்தமே சில ஆயிரங்கள் மட்டுமே எஞ்சியுள்ள இந்தக் குரங்குகள், வேறு காடுகளில் மர உச்சியை விட்டு இறங்குவதே அபூர்வம். புதுத்தோட்டத்தில் காடு சுருங்கிப்போனதால் தரையில் நடக்கவும், சாலையைக் கடக்கவும், வீட்டுக் கூரைகளில் ஏறவும் கற்றுக்கொண்டுவிட்டன. நம் கண்ணுக்கு இவ்வளவு அருகில் அவை கிடைப்பது அவற்றின் துன்பத்தின் விளைவு என்ற உண்மை அந்த மகிழ்ச்சியின் ஓரத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது.

முதல் நாள் காலை ஆறரை மணிக்குப் போய் நின்றபோது கருமந்திகளைக் கண்டு, சிங்கவால் குரங்கு என்று நம்பிப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். மகள்தான் வாலின் நுனியில் குஞ்சம் இல்லையே என்றாள். இரண்டும் கறுப்பு என்பதால் புதியவர்களுக்குக் குழப்பம் வருவது இயல்பு. கருமந்திக்கு நீண்ட ஒல்லியான வால், தலையில் பழுப்பு மயிர். சிங்கவால் குரங்குக்கோ முகத்தைச் சுற்றி வெள்ளி நிறப் பிடரி, நுனியில் குஞ்சம் வைத்த குட்டை வால். ஏழே முக்காலுக்கு உண்மையான கூட்டம் வந்தது. சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் கட்டியிருக்கும் பாலத்தின் வழியாக ஒவ்வொன்றாகக் கடந்தன. தாயின் வயிற்றைக் கட்டிக்கொண்டு போன ஒரு குட்டி தலைகீழாக எங்களைப் பார்த்துக்கொண்டே போயிற்று. கனத்த குழாய்களையும் கயிறுகளையும் கொண்டு அமைத்த இந்தப் பாலங்கள், விரையும் வண்டிகளில் குரங்குகள் அடிபட்டுச் சாவதைத் தடுப்பதற்காக ஏற்படுத்தப்பட்டவை. நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்ற ஆய்வு அமைப்பு பல ஆண்டுகளாக இந்த மேட்டுநிலத்தில் வேலை செய்கிறது. சிதைந்த காட்டுத் துண்டுகளில் அந்த மண்ணுக்கே உரிய மரக்கன்றுகளை நட்டு மீட்கும் பணியையும் தோட்ட நிறுவனங்களின் ஒத்துழைப்புடன் அது செய்துவருகிறது.

வண்டிகளின் வேகத்தைக் குறைக்கச் சொல்லிக் கையசைக்கும் ஒரு காவலரும் சாலையில் இருந்தார். என் மகளின் கையில் பொட்டலத்தைப் பார்த்ததும், “பாப்பா, அதைப் பைக்குள்ள வச்சிரு சாமி, பார்த்தா பறிச்சுப்புடும்” என்றார். அவரிடம் பேசிக்கொண்டு நின்ற முக்கால் மணி நேரத்தில் ஒரு மலை அணிலையும், வெடிப்பலா மரத்தையும், முந்தைய இரவு யானை மிதித்துப் போன வேலியையும் அவர் காட்டினார். வெடிப்பலாவின் பூவும் காயும் சிங்கவால் குரங்கின் முக்கிய உணவு; முள் போர்த்திய அந்தக் காயைப் பார்த்தால் பலாக்குட்டி என்றே நினைப்போம். பட்டியலில் உள்ள எந்த இடத்திலும் இப்படி விளக்கிச் சொல்ல ஒருவர் கிடைக்கவில்லை. அவர் காவலுக்கு நிற்பவர், வழிகாட்டி அல்லர். அவருடைய வேலையைக் கெடுக்காமல் கேட்பது நம் பொறுப்பு.

இரண்டாம் நாள் ஜீப்பை அமர்த்தினோம். அதைப் பற்றி நல்லவிதமாக எழுத எனக்கு விருப்பமே, ஆனால் முடியவில்லை. ஒன்பது இடம் என்று பேசி, ஆறு மணி நேரத்தில் முடித்துவிட்டு அடுத்த சவாரிக்குப் போக வேண்டிய அவசரம் ஓட்டுநருக்கு. சாலையோரத் தேயிலையில் காட்டுமாட்டுக் கூட்டம் ஒன்று படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து நிறுத்தச் சொன்னபோது, அது பட்டியலில் இல்லை என்பதுபோலத் திரும்பிப் பார்த்தார்; இரண்டு நிமிடம் நிறுத்தி, அதிலும் ஹாரன் அடித்து அவற்றை எழுப்பி நிற்க வைத்துக் காட்டினார். பணம் கொடுத்தவருக்கு முழு உருவம் தெரிய வேண்டும் என்ற நல்லெண்ணம்தான் என்று நினைக்கிறேன். ஜீப் அமர்த்துபவர்களுக்கு என் யோசனை: இடங்களின் எண்ணிக்கைக்குப் பேசாமல் நேரத்துக்குப் பேசுங்கள், மூன்று இடம் போதும், நடுவில் சொன்ன இடத்தில் நிற்க வேண்டும், ஹாரன் கூடாது என்று புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள்.

சோலையாறு அணை பெரியது, அமைதியானது, அரைமணி நேரத்துக்குரியது. 160 அடி நீர்மட்டம் என்று ஒவ்வொரு பருவமழையின்போதும் செய்தித்தாளில் படிக்கும் அணை இதுதான். மேற்கே கேரளத்துக்குப் போக வேண்டிய நீரைச் சுரங்கங்களாலும் கால்வாய்களாலும் திருப்பிப் பொள்ளாச்சி, உடுமலைச் சமவெளிக்குக் கொண்டுவரும் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் முக்கியக் கண்ணி இது. பட்டியலில் உள்ள நீராற்றின் நீரும் மலைக்குள் குடைந்த சுரங்கம் வழியாக இங்கேதான் வந்து சேர்கிறது. பாசன அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற என் மாமனாருக்கு இந்த இரண்டு இடங்களும்தான் பயணத்தின் உச்சம். மற்ற மூவருக்கும் அப்படி இல்லை. பாலாஜி கோயில் தேயிலைத் தோட்டத்துக்குள் சுத்தமாகப் பராமரிக்கப்படுகிறது. கோயிலுக்குப் போகும் எண்ணத்தோடு போகிறவர்களுக்கு நிறைவு தரும்.

கூழாங்கல் ஆற்றைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே எழுத வேண்டியிருக்கிறது. பெயருக்கேற்ப உருண்ட கற்கள்மேல் முழங்கால் ஆழத்தில் தெளிந்த நீர் ஓடும் இடம்; குழந்தைகளோடு கால் நனைக்க இதைவிட நல்ல இடம் ஊரில் இல்லை. ஆனால் மலையாற்றில் நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும்போதே மேலே பெய்த மழை வெள்ளமாக வந்துவிடும். ஆழமில்லாத நீரை அடுத்தே கண்ணுக்குத் தெரியாத கசங்களும், அதாவது ஆழமான குழிகளும் உண்டு. 2023 அக்டோபரில் கோவைப் பகுதியிலிருந்து வந்த கல்லூரி மாணவர்கள் ஐவர் சோலையாறு எஸ்டேட் பகுதி ஆற்றில் மூழ்கி இறந்தார்கள். எச்சரிக்கைப் பலகைகள் இருக்கின்றன. நாங்கள் போன அன்று அவற்றில் ஒன்றின்மேல் துண்டைக் காயப்போட்டுவிட்டுச் சிலர் நீந்திக்கொண்டிருந்தார்கள், கரையில் மதுப்புட்டிகளின் உடைசல் கிடந்தது. செருப்பைக் கழற்றாமல் இறங்குவது நல்லது.

பட்டியலில் இருப்பவற்றுள் முழு மதிப்பெண் பெறுவது நல்லமுடி பூஞ்சோலை. முடீஸ் வழியாகப் போய், வண்டியை நிறுத்திவிட்டுத் தேயிலைக்கு நடுவே சிறிது தூரம் நடக்க வேண்டும். கட்டணம் உண்டு, முதியவர்களும் மெதுவாக நடந்துவிடலாம். தேயிலை முடியும் விளிம்பில் மலை நேராக அறுந்து விழுகிறது. எதிரே, எஸ்டேட் எதுவும் கைவைக்காத காடு, ஒரு மடிப்புக்குப் பின் இன்னொரு மடிப்பாக, கேரள எல்லைக்குள் சென்று மறைகிறது. வானம் தெளிந்திருந்தால் 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி அதன் பின்னால் யானையின் மத்தகம் போலவே எழுந்து நிற்கும். எங்களுக்குக் காலை எட்டு மணிக்கு அது தெரிந்தது; ஒன்பதரைக்குப் பனி மூடிவிட்டது. முற்பகலில் வந்து சேர்ந்த மூன்று வேன் நிறையப் பயணிகள் வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பியதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஜீப்காரர்கள் இதைப் பட்டியலின் நான்காவது ஐந்தாவது இடமாக வைப்பதை மாற்றி முதலாவதாக வைத்தாலே அவர்களுடைய சேவையின் தரம் இருமடங்காகிவிடும். தடுப்பு வேலியைத் தாண்டிப் படமெடுப்பவர்களைக் காவலர் விசிலடித்து அழைத்துக்கொண்டே இருந்தார். வேலிக்கு அப்பால் ஒன்றும் இல்லை, காற்றைத் தவிர.

பறவை பார்ப்பவர்களுக்குப் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை உகந்த காலம். பெரிய இருவாச்சியின் கூடுகட்டும் பருவம் அது: பெட்டை மரப்பொந்துக்குள் நுழைந்து வாயிலை அடைத்துக்கொள்ள, விடப்பட்ட சிறு பிளவு வழியாக ஆண் பறவை மாதக்கணக்கில் பழம் கொண்டுவந்து ஊட்டும். கூட்டைத் தேடிப் போகாதீர்கள், யாரும் அழைத்துப் போவதாகச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். ஆண் பறவை அஞ்சிவிட்டால் உள்ளே இருப்பவை பட்டினி கிடக்கும். பழுத்த அத்திமரம் ஒன்றைச் சாலையோரத்தில் கண்டுபிடித்து அதற்கு எதிரே காத்திருந்தால் போதும். மூன்றாம் நாள் காலை அய்யர்பாடிக்கு அருகில் அப்படிக் காத்திருந்தபோது, கண்ணால் பார்ப்பதற்கு முன்பே காதால் கேட்டோம். நீராவி ரயில் மேடேறுவது போன்ற இறக்கையொலி. மாமனார் அண்ணாந்து பார்த்து, ‘லாரி எதுவும் வரவில்லையே’ என்றார். மஞ்சள் அலகும் அதன்மேல் தொப்பியும் வைத்த அந்தப் பறவை எங்கள் தலைக்கு மேலே கடந்து அத்திமரத்தில் இறங்கி, ஒவ்வொரு பழமாக எறிந்து பிடித்து விழுங்கியதை நாற்பது நிமிடம் பார்த்தோம். ஒரு காசு செலவில்லை.

மலையேற்றம் என்ற பெயரில் சிலர் அக்காமலை புல்மேட்டுக்கு அழைத்துப் போவதாகச் சொல்லக்கூடும். 2012-ல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்ட மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளுள் அந்தப் புல்வெளியும் ஒன்று. வனத்துறையின் அனுமதியின்றி அங்கே கால்வைப்பது குற்றம், பொதுச் சுற்றுலாவுக்கு அது திறந்த இடமும் அன்று. பணம் வாங்கிக்கொண்டு தோட்டத்தின் பின்வழியாக அழைத்துப் போகிறவர் பிடிபட்டால் அபராதம் நமக்கும் உண்டு.

மாலைப் பொழுதைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஆறு மணிக்கு மேல் இந்த ஊரில் நடை வேண்டாம். தேயிலைப் புதர்கள் இடுப்பளவே இருந்தாலும் அவற்றினுள் சிறுத்தை படுத்திருப்பது தெரியாது. எஸ்டேட் லயங்களில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில், குழந்தைகளைச் சிறுத்தை தாக்கிக் கொன்ற துயரங்கள் உண்மையில் நடந்தவை, சுற்றுலாக் கதைகள் அல்ல. யானைகள் ஒரு காட்டுத் துண்டிலிருந்து இன்னொன்றுக்குத் தேயிலை வழியாகவே இரவில் நகர்கின்றன. அவை இருக்கும் இடத்தைக் கைப்பேசிக் குறுஞ்செய்தியாகத் தோட்டத் தொழிலாளர்களுக்கு அனுப்பும் ஏற்பாடும், யானை அருகில் இருந்தால் எரியும் சிவப்பு விளக்குகளும் இங்கே உண்டு. இந்த ஏற்பாட்டை உருவாக்கிய ஆய்வாளர் ஆனந்தகுமாருக்கு 2015-ல் இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது. நாங்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஒரு கடையில் அம்மா ஒருவரின் கைப்பேசி ஒலித்ததும் அவர் படித்துப் பார்த்து, பக்கத்து இருக்கையில் இருந்தவரிடம் இன்று குறுக்குப்பாதை வேண்டாம், பெரிய ரோட்டிலேயே போய்விடு என்றார். மழை வருமா என்று விசாரிப்பது போன்ற சாதாரணக் குரல். எந்த விடுதியில் தங்கினாலும் சேரும்போதே இன்று யானை எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதில் தெரியாத விடுதியைவிடத் தெரிந்த விடுதி மேல்.

தங்குமிடங்களைப் பொறுத்தவரை நகருக்குள் சாதாரண லாட்ஜுகளும், வெளியே ஹோம்ஸ்டேகளும், பழைய எஸ்டேட் பங்களாக்களும் இருக்கின்றன. எங்கள் விடுதி சுத்தமாக இருந்தது, வெந்நீர் காலையில் மட்டும் வந்தது. இரவில் தோட்டத்தில் ‘கேம்ப் பயர்’ மூட்டி ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுவதைச் சிறப்பு வசதி என்று விளம்பரப்படுத்தியிருந்தார்கள். காட்டின் ஓரத்தில் இதைவிடப் பொருத்தமற்ற வசதி ஒன்றை எண்ணிப் பார்க்க முடியவில்லை. பக்கத்து அறைக்காரர்கள் பதினொன்று வரை ஆடியதால் ஆந்தைக் குரலை நான்காம் நாள்தான் கேட்டோம். சாப்பாட்டுக்குப் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். கடைவீதி மெஸ்களில் மதியச் சாப்பாடும் இரவில் பரோட்டாவும் சூடாகக் கிடைக்கின்றன, விலை நியாயம். தேயிலை விளையும் ஊரில் கடைத் தேநீர் சுமாராகத்தான் இருக்கிறது என்பது பழைய வேடிக்கை.

மழையைப் பார்க்கவே போகிறவர்களும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை இங்கே வெளுத்து வாங்கும்; தமிழகத்தின் சிரபுஞ்சி என்று சொல்லப்படும் சின்னக்கல்லாறு இந்த ஊரைச் சேர்ந்ததுதான். நான் முன்பொரு முறை ஜூலையில் போய் மூன்று நாளும் அறைக்குள்ளேயே இருந்து, ஒரே ஒரு மணி நேர இடைவெளியில் வெளியே வந்து காலில் ரத்தம் உறிஞ்சும் பதினோரு அட்டைகளோடு திரும்பியவன். அட்டைக் காலுறை பொள்ளாச்சியில் தேடியும் கிடைக்கவில்லை. முழங்கால் வரை இறுக்கமான காலுறையும் அதன்மேல் சோப்புக் கட்டியால் ஒரு தேய்ப்பும் ஓரளவு காப்பாற்றும். ஆழியாற்றுக்கு மேலேயுள்ள குரங்கு அருவியும் சின்னக்கல்லாறு அருவிப் பகுதியும் வெள்ளக் காலத்தில் மூடப்படும் என்பதால், அருவிக்காகவே மழையில் போகிறவர்கள் கிளம்பும் அன்று காலை விசாரித்துவிட்டுக் கிளம்புவது நல்லது. டிசம்பர் முதல் மார்ச் வரை நடக்கவும் நிற்கவும் ஏற்ற காலம், இரவில் ஸ்வெட்டர் வேண்டும்.

நான்காம் நாள் பாதிப் பகலை மளுக்கப்பாறை வழியாக அதிரப்பள்ளிக்குப் போகும் சாலைக்குக் கொடுக்கத் திட்டமிட்டிருந்தோம். எல்லையைத் தாண்டியதும் தேயிலை முடிந்து, வாழச்சால் காடு இரு பக்கமும் சாலையை மூடிக்கொண்டு நெடுந்தூரம் வரும்; மழைக்காட்டுக்குள் காரிலிருந்தபடியே இருக்க இதைவிட நல்ல வழி இப்பகுதியில் இல்லை என்று எனக்கு முந்தைய பயணத்தில் தெரியும். இரு முனைகளிலும் சோதனைச்சாவடிகள் உண்டு, மாலையில் மூடிவிடுவார்கள், குறித்த நேரத்துக்குள் மறுமுனையை அடைய வேண்டும், நடுவில் இறங்கக் கூடாது. இம்முறை கார் போய்விட்டதால் அது கைகூடவில்லை. அந்த நேரத்தையும் புதுத்தோட்டத்துக்கே கொடுத்தோம். குரங்குகள் அன்று வரவில்லை.

மதியப் பேருந்தில் இறங்கும்போது ஒன்பதாம் வளைவில் வண்டி நின்றது. சாலையின் குறுக்கே மூன்று வரையாடுகள். ஓட்டுநர் ஹாரனைத் தொடவில்லை; எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நடத்துநர் டிக்கெட் எண்ணுவதை நிறுத்திவிட்டுச் சன்னல் பக்கம் வந்தார். எங்களை ஜீப்பில் சுற்றிக் காட்டியவர் இந்தப் பேருந்தில் ஒரு நாள் வர வேண்டும் என்று தோன்றியது. நான்கு நிமிடம் கழித்து அவை மேலே ஏறிப் போக, வண்டி கிளம்பியது.